நான்கு சிலிண்டர் செடான் மலையேறுமா?

வாசகர் கேள்வி: ஐயா, வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரை அடுத்த அரோராவில் மனைவி, மகளுடன் வசிக்கிறேன். எங்களிடம் இருப்பது 2010 மாடல் டொயோட்டா கேம்ரி, 3.5 லிட்டர் வி6 எஞ்சின், அதாவது ஆறு சிலிண்டர். அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதிய குடும்பச் செடான்களைப் பார்க்கப் போனால் ஏறத்தாழ எல்லாவற்றிலும் நான்கு சிலிண்டர் எஞ்சின்தான் இருக்கிறது. வார நாட்களில் ஐ-225, ஐ-25 நெடுஞ்சாலைகளில் அலுவலகம் போய் வருகிறேன். மாதத்தில் ஓரிரு முறை ஐ-70 வழியாக மலைப்பக்கம் செல்கிறோம். வரும் கோடையில் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் வந்து தங்கப் போகிறார்கள். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏசியும் போட்டால் நான்கு சிலிண்டர் வண்டி மலையில் மூச்சுவாங்கும் என்றும், ரேம்ப்பிலிருந்து நெடுஞ்சாலையில் சேர்வதே ஆபத்து என்றும் என் மைத்துனர் சொல்கிறார். பழைய வி6 வண்டி ஒன்றையே தேடி வாங்கிவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

இன்று அமெரிக்காவில் விற்கும் நடுத்தரக் குடும்பச் செடானின் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு, நீங்கள் அன்றாடம் அலுவலகம் போய்வரவும், ஐந்து பேரோடு ஐ-70-இன் உச்சியில் உள்ள ஐசன்ஹவர் சுரங்கப்பாதை வரை ஏறவும் தேவையான திறன் இருக்கிறது. மாற்றிய முதல் வாரத்திலேயே நீங்கள் உணரப்போகும் குறை வேறு: உங்கள் வி6 எஞ்சின் முனகாமல் செய்துவந்த வேலையை இது சத்தம் போட்டுச் செய்யும். மைத்துனர் அந்தச் சத்தத்தைத்தான் மூச்சுவாங்குவதாக எடுத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். கடற்கரை ஊரில் இருந்து ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதிலை இங்கேயே முடித்திருப்பேன். நீங்கள் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் வசிக்கிறீர்கள் என்பதால், நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்குள் எந்த வகை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

மைத்துனரின் பயம் வெறும் கற்பனை இல்லை. 1983 மாடலாகக் கேம்ரி முதன்முதலில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அதன் 2 லிட்டர் எஞ்சின் தந்தது 92 குதிரைத்திறன்தான். ஏசி கம்ப்ரசர் நான்கைந்து குதிரைத்திறனை எடுத்துக்கொண்டாலே அந்த வண்டியில் ஓட்டுநரின் கால் அதை உணர்ந்துவிடும். 1992 மாடலில் நான்கு சிலிண்டர் எஞ்சின் 130 குதிரைத்திறனும் 3 லிட்டர் வி6 எஞ்சின் 185 குதிரைத்திறனும் தந்தன. குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்பவர் கூடுதல் பணம் கொடுத்து வி6 வாங்கியதில் அன்று முழு நியாயம் இருந்தது. அதன்பின் நேரடி எரிபொருள் செலுத்தமும், வால்வுகள் திறக்கும் நேரத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் ஏற்பாடும், எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் வந்து சேர்ந்ததில், 2018 கேம்ரியின் சாதாரண 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் 203 குதிரைத்திறனைத் தொட்டது. அதாவது 1992-இன் வி6 எஞ்சினையே அது தாண்டிவிட்டது. ஹோண்டா அக்கார்டிலும் இதே கதைதான்: 1995-இல் அதில் முதன்முதலாக வந்த 2.7 லிட்டர் வி6 தந்தது 170 குதிரைத்திறன். 2018-இல் வந்த, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் தருவது 192. இடைப்பட்ட காலத்தில் வண்டிகளின் எடையும் கூடியிருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் திறன் கூடிய விகிதத்தில் அது கூடவில்லை.

எரிபொருள் சிக்கனத்துக்கான அரசு விதிகள் இறுகிக்கொண்டே வந்ததும் இந்த முன்னேற்றமும் சேர்ந்துதான் வி6 எஞ்சினைக் குடும்பச் செடான்களிலிருந்து வெளியேற்றின. ஹூண்டாய் சொனாட்டா 2011 மாடலிலும், அக்கார்டு 2018-இலும், நிசான் ஆல்டிமா 2019-இலும் அதைக் கைவிட்டன. கடைசிவரை தாக்குப்பிடித்த கேம்ரியும் 2024 மாடலோடு நிறுத்திக்கொண்டு, 2025 முதல் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டாக மட்டுமே வருகிறது.

இனி உங்கள் சாலைகளுக்கு வருவோம். சமதளத்தில் மணிக்கு 65 மைல் வேகத்தில், அதாவது ஏறத்தாழ 105 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே சீராக ஓடும் நடுத்தரச் செடானுக்குக் காற்றின் எதிர்ப்பையும் டயர்களின் உருளல் எதிர்ப்பையும் வெல்லச் சக்கரங்களில் தேவைப்படுவது சுமார் 20 குதிரைத்திறன். ஏசியையும் கியர்பெட்டியில் வீணாவதையும் சேர்த்தாலும் 30-ஐத் தாண்டாது. 200 குதிரைத்திறன் எஞ்சின் வாங்கும் ஒருவர், அலுவலகம் போகும் வழியில் பெரும்பாலான நேரம் அதில் ஆறில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்துவதில்லை. மீதி இருப்பது இரண்டு காரியங்களுக்காக: வேகம் எடுப்பது, ஏற்றம் ஏறுவது. மைத்துனர் சொன்னவையும் இந்த இரண்டும்தான்.

முதலில் ரேம்ப்பை எடுத்துக்கொள்வோம். டென்வர் பகுதியில் நெரிசல் நேரத்தில் ரேம்ப் சிக்னல்கள் வண்டியை முழுதாக நிறுத்தி ஒவ்வொன்றாக விடுவதால், ஓடிவந்த வேகம் உங்களுக்குத் துணைக்கு வராது. பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். வண்டியின் எடை 1,500 கிலோ, ஐந்து பேரும் பைகளுமாக 400 கிலோ, ஆக 1,900 கிலோ என்று வைத்து, டென்வரின் மெல்லிய காற்றில் 203 குதிரைத்திறன் எஞ்சின் இழப்பதையும் கழித்துக் கணக்கிட்டால், 65 மைல் வேகத்தை எட்ட ஏறத்தாழ 11 விநாடியும் எழுநூறு அடிக்குச் சற்றுக் குறைவான தூரமும் ஆகும். அதே சுமையோடு உங்கள் பழைய வி6, அதன் 268 குதிரைத்திறனைக்கொண்டு, மூன்று விநாடி முன்னதாக அந்த வேகத்தைத் தொட்டுவிடும். இந்த மூன்று விநாடியை நான் சிறிதாக மதிக்கவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே இடம் தேடும்போது அது பெரிதாகத்தான் தெரியும். ஆனால் நெரிசல் நேரத்தில் ஐ-225-இல் ஓடும் வண்டிகளே 65 மைல் வேகத்தில் ஓடுவதில்லை. நெரிசல் இல்லாத நேரத்தில் ரேம்ப்பின் வளைவிலேயே 35, 40 மைல் வேகத்தை எடுத்துவிட்டால் சேரும் பாதையில் மிச்ச வேகத்தை எடுக்க ஆறேழு விநாடி போதும்.

இங்கே ஓட்டும் பழக்கமும் ஒரு காரணம். வி6 எஞ்சினில் பல ஆண்டு ஓட்டியவர்கள் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்துவதே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு அதற்கு அவசியம் வந்ததில்லை. அதே பாதி அழுத்தத்தோடு நான்கு சிலிண்டர் வண்டியை ரேம்ப்பில் ஏற்றிவிட்டு, வண்டிக்கு இழுவை இல்லை என்று திரும்பி வருகிறார்கள். கூச்சமில்லாமல் முழுதாக அழுத்த வேண்டும். கியர்பெட்டி இரண்டு மூன்று கியர் கீழே இறங்கும், எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றை நெருங்கும், சத்தம் காரை நிறைக்கும், வண்டி பாயும். அந்தச் சுழற்சி எஞ்சினுக்குக் கேடு செய்யாது. அதற்காகவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

மலைதான் உங்கள் கேள்வியின் கனமான பகுதி. டர்போ இல்லாத எஞ்சின் தனக்குக் கிடைக்கும் காற்றை மட்டுமே நம்பியிருக்கிறது. 5,280 அடி உயரத்தில் உள்ள டென்வரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 விழுக்காடு; ஐசன்ஹவர் சுரங்கப்பாதையின் மேற்கு வாயில் உள்ள 11,158 அடி உயரத்தில் அது சுமார் 71 விழுக்காடு. எஞ்சினின் திறனும் ஏறத்தாழ அதே விகிதத்தில் விழுகிறது. விளம்பரத்தில் 203 என்று போட்டிருக்கும் எஞ்சின் அரோராவில் உங்கள் வீட்டு வாசலிலேயே 172 ஆகிவிடும், சுரங்க வாயிலில் 140 அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் வி6 எஞ்சினும் இந்த இழப்புக்கு விலக்கல்ல. அதன் 268 மேலே 190 ஆகியிருக்கும். இத்தனை ஆண்டுகளில் நீங்கள் அதைக் கவனிக்காமல் போனது, அவ்வளவு இழந்த பிறகும் அதனிடம் மிச்சம் நிறைய இருந்ததால்தான்.

அந்த வழியின் கடுமையான ஏற்றம் நீங்கள் மலைக்குப் போகும்போது வருவதல்ல, வீடு திரும்பும்போது வருவது. சில்வர்தார்ன் என்ற ஊரிலிருந்து கிழக்கு நோக்கிச் சுரங்கப்பாதைக்கு ஏறும் அந்தச் சில மைல்களில் 2,000 அடிக்கு மேல் உயர வேண்டும். செங்குத்தான இடங்களில் நூறடிக்கு ஏழடி ஏற்றம். அங்கே 1,900 கிலோ வண்டியை மணிக்கு 60 மைல் வேகத்தில் குறையாமல் வைத்திருக்கச் சக்கரங்களில் சுமார் 60, எஞ்சினில் சுமார் 70 குதிரைத்திறன் தேவை. கையில் இருப்பது 140. ஆகவே அந்த வழியின் மிக மோசமான இடத்திலும், முழுச் சுமையோடும், எஞ்சினின் பாதித் திறன் மிச்சம் இருக்கிறது; முன்னால் ஊர்ந்து செல்லும் சரக்கு லாரியைத் தாண்ட அது போதும். எஞ்சின் 3,000-க்கும் 4,000-க்கும் இடையில் சுற்றிக்கொண்டிருக்கும்; லாரியைத் தாண்டும்போது 5,000-ஐக் கடக்கும். உங்கள் வி6 இதே இடத்தை 2,500 அளவிலேயே ஏறியிருக்கும். அப்பா அம்மாவைக் கோடையில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் டிரெயில் ரிட்ஜ் சாலைக்கு அழைத்துச் செல்வீர்கள் என்று எண்ணுகிறேன். 12,183 அடி வரை ஏறும் சாலை என்றதும் பயம் வரும். ஆனால் அங்கே வேகம் 35 மைல்தான் என்பதால், அதே சரிவிலும் சக்கரங்களுக்கு வேண்டியது 30 குதிரைத்திறனுக்குச் சற்று மேலே. அந்த உயரத்தில் எஞ்சினைவிடப் பெரியவர்களின் மூச்சுத்தான் கவனிக்க வேண்டியது. மதுரையிலிருந்து வந்த முதல் வாரத்திலேயே அழைத்துப் போகாதீர்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசையாக அமைந்த நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று முழுதாகச் சமன்செய்வதில்லை. எஞ்சின் ஒருமுறை சுற்றும்போது இரண்டு முறை வரும் ஓர் அதிர்வு மிஞ்சுகிறது, எஞ்சின் பெரிதாகப் பெரிதாக அதுவும் பெரிதாகிறது. எதிர்த்திசை அதிர்வை உண்டாக்கும் சமன்தண்டுகளை உள்ளே வைத்து அதைக் குறைக்கிறார்கள், ஆயினும் ஏற்றத்தில் 4,500 சுற்றில் அதன் குரல் வி6 எஞ்சினின் குரலைப் போல இனிமையாக இருப்பதில்லை. சிவிடி வகைக் கியர்பெட்டி இருந்தால் இன்னும் ஒரு சங்கடம்: கியர்கள் படிப்படியாக மாறாமல் எஞ்சின் ஒரே உயர்ந்த சுழற்சியில் நின்றுகொண்டு நீளமாக இரையும். காது அதைக் கஷ்டம் என்று மூளைக்குச் சொல்கிறது. வேகமானியைப் பார்த்தால் வண்டி நிதானமாக 60-இல் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது எந்த வகை என்ற கேள்வி. சாதாரண நான்கு சிலிண்டர், டர்போ நான்கு சிலிண்டர், ஹைப்ரிட் என மூன்று வழிகள் உங்கள் முன் இருக்கின்றன, உயரம் இம்மூன்றையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. டர்போ எஞ்சின், மெல்லிய காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், உயரம் கூடும்போது டர்பைனை இன்னும் வேகமாகச் சுழற்றி இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்றாலும், டென்வர் உயரத்தில் அந்த எல்லை பெரிதாக உறுத்தாது. காகிதத்தில் 192 என்று குறைவாகத் தெரியும் அக்கார்டின் 1.5 டர்போ, அரோராவில் 203 என்று போட்ட டர்போ இல்லாத எஞ்சினுக்கு இணையாகவோ மேலாகவோ இழுப்பது இதனால்தான். இன்னொரு வேறுபாடும் உண்டு. அந்த டர்போ எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையான (சக்கரத்தைச் சுழற்றும் விசை) 192 பவுண்டு-அடியை 1,700 சுற்றிலிருந்தே தரத் தொடங்குகிறது. 2018 கேம்ரியின் 2.5 லிட்டர் எஞ்சின் தன் 184 பவுண்டு-அடியைத் தர 5,000 சுற்று வரை போக வேண்டும். ஏற்றத்தில் எஞ்சினை அலறவிடாமல் ஓட்ட வேண்டும் என்பவருக்கு டர்போ வகையே பிடிக்கும்.

டர்போ எஞ்சின் எதிர்பார்க்கும் கவனிப்பு ஒன்றிரண்டு. உங்கள் மாநிலப் பெட்ரோல் நிலையங்களில் மலிவான ரெகுலர் பெட்ரோலின் ஆக்டேன் எண் (அழுத்தத்தில் தானாக எரிந்துவிடாமல் தாங்கும் அளவு) 85 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாட்டின் பெரும்பாலான இடங்களில் ரெகுலர் என்றால் 87. மெல்லிய காற்றில் பழைய கார்புரேட்டர் எஞ்சின்களுக்குக் குறைந்த ஆக்டேன் போதுமாக இருந்த காலத்தின் மிச்சம் அது. தயாரிப்பாளர் கையேட்டில் 87 என்று இருந்தால் கொலராடோவிலும் 87-தான் போட வேண்டும், டர்போவுக்கு இது இன்னும் கட்டாயம், ஏனென்றால் டர்போ அந்த மெல்லிய காற்றை மறுபடி அடர்த்தியாக்கிவிடுகிறது. குளிர்காலத்தில் எஞ்சின் முழுதாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிடும் குறுகிய ஓட்டங்கள் அதிகம் என்றால் எண்ணெயில் பெட்ரோல் கலக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவர்கள் எண்ணெயைச் சற்று முன்னதாகவே மாற்றுவது நல்லது.

ஹைப்ரிட்டைப் பற்றி நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருப்பீர்கள்: மின்மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, எனவே மலைக்கு அதுதான் சிறந்தது என்று ஒரு சாரார், பாதி மலையில் பேட்டரி தீர்ந்து வண்டி நின்றுவிடும் என்று இன்னொரு சாரார். இரண்டுமே முழு உண்மை இல்லை. மேலே சொன்ன சில்வர்தார்ன் ஏற்றத்தில் உங்கள் வண்டியை உயரத் தூக்குவதற்கு மட்டும் மூன்று யூனிட்டுக்கு மேல் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும்; செருகி மின்னேற்றாத ஹைப்ரிட் செடானின் பேட்டரி மொத்தமே ஏறத்தாழ ஒரு யூனிட், அதிலும் ஒரு பகுதியைத்தான் கணினி செலவழிக்க விடும். ஆகவே முதல் ஓரிரு மைலுக்குப் பிறகு சுமை முழுவதும் பெட்ரோல் எஞ்சின் மேல் வந்துவிடும், வண்டி நிற்காது, குரல் உயரும். அந்த நிலையில் எந்த ஹைப்ரிட்டில் எவ்வளவு பெரிய எஞ்சின் இருக்கிறது என்பதே முக்கியம். 2025 கேம்ரி ஹைப்ரிட்டின் 2.5 லிட்டர் எஞ்சின் தனியாகவே 184 குதிரைத்திறன் தருவதால் சுரங்க வாயிலில் 130 அளவு கிடைக்கும், நிம்மதியான மிச்சம். அக்கார்டு ஹைப்ரிட்டின் 2 லிட்டர் எஞ்சின் தனியாகத் தருவது 146, மேலே அது நூறை ஒட்டிவிடும். ஏறிவிடும், தாண்டுவதற்கான மிச்சம்தான் சுருங்கிவிடும். நகரத்தில் ஓட்டுவதற்கு மிக நல்ல வண்டி அது. மாதம் இரண்டு முறை ஐந்து பேரோடு மலையேறுபவருக்கு அதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நின்று நின்று நகரும் அலுவலகப் பாதை என்பதால் என் தேர்வு நான்கு சக்கர இயக்கத்தோடு வரும் கேம்ரி ஹைப்ரிட். அதன் மொத்தத் திறன் 232 குதிரைத்திறன். வார இறுதிதோறும் மலைக்குப் போகும் வழக்கம் உங்களுக்கு இருந்திருந்தால் டர்போவைச் சொல்லியிருப்பேன். இந்த உயரத்தில் நான் கடைசியாக வைப்பது டர்போவும் இல்லாமல் மின்மோட்டாரும் இல்லாமல் சிவிடியோடு வரும் 180, 190 குதிரைத்திறன் செடான்களை. அவை ஏறாது என்பதல்ல. விலையில் மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக, ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்த்துச் சொன்னதற்குப் பனிக்காலம் காரணம். ஐ-70-இல் டாட்சீரோவுக்கும் மாரிசனுக்கும் இடையே செப்டம்பர் முதல் மே வரை கொலராடோவின் பிடிமானச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. முன்சக்கர இயக்க வண்டி என்றால் பனிக்குரிய டயரோ, எல்லாப் பருவத்துக்கும் பனிக்கும் சேற்றுக்கும் என்று குறியிட்ட டயரோ, அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு பள்ளத்தோடு இருக்க வேண்டும்; இல்லையென்றால் டயர்ச் சங்கிலியோ அதற்கு ஈடான கருவியோ வண்டியில் இருக்க வேண்டும். வி6 எஞ்சினுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல பனி டயர்களுக்குக் கொடுத்தால் ஜனவரி மாதத்தில் அதுதான் உங்களை மேலே கொண்டுபோகும். வழுக்கும் சாலையில் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை.

பழைய வி6 வண்டியைத் தேடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேடினால் கிடைக்கும்: அக்கார்டில் 2017 வரையும், கேம்ரியில் 2024 வரையும் விற்றிருக்கிறார்கள், கடைசிக் கேம்ரி வி6 தந்தது 301 குதிரைத்திறன். அரசின் மதிப்பீட்டில் அது கேலனுக்குச் சராசரியாக 26 மைல் தரும். அக்கார்டு டர்போ 32. முன்சக்கர இயக்கம் உள்ள அடிப்படைக் கேம்ரி ஹைப்ரிட் 51, நான்கு சக்கர இயக்கம் என்றால் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டினால் முறையே 460, 375, 235 கேலன் பெட்ரோல் வரும். ஆண்டுக்கு இருநூறு கேலனுக்கு மேல் கூடுதலாக எரித்து நீங்கள் வாங்குவது ரேம்ப்பில் சில விநாடிகளையும் மலையில் சற்று அமைதியையும். ஓட்டுவதில் இன்பம் காண்பவர் ஒருவர் அதற்காகப் பணம் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். தேவைக்காக வாங்குகிறேன் என்று சொன்னால்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேலும், பலம்தான் வேண்டும் என்றால் சிலிண்டரை எண்ணத் தேவையே இல்லை; கியா கே5 ஜிடி, சொனாட்டா என்-லைன் இரண்டிலும் 2.5 லிட்டர் டர்போ நான்கு சிலிண்டர் எஞ்சின் 290 குதிரைத்திறன் தருகிறது. உங்கள் இப்போதைய வி6 தருவதைவிட அது அதிகம்.

எஞ்சினைவிட முன்னதாக எல்லையைத் தொடுவது ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில், பயணிகளும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பல நடுத்தரச் செடான்களில் அந்த எண் 850, 900 பவுண்டு அளவில்தான் இருக்கும். கிலோவில் நானூறை ஒட்டி. பெரியவர்கள் ஐந்து பேர் ஏறினாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அப்பா அம்மா வந்து இறங்கும் நாளில் ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டிகள் என்றால் பெட்டிகள் மட்டுமே 92 கிலோ, கைப்பைகள் தனி. அன்று விமான நிலையத்துக்கு நீங்கள் மட்டும் போவது நல்லது, அல்லது இரண்டு வண்டியாகப் போங்கள். இந்த எல்லை வி6 வாங்கினாலும் மாறாது, ஏனென்றால் அது சஸ்பென்ஷனும் டயரும் பிரேக்கும் தாங்கும் எடை.

வாங்கும் முன் விற்பனையகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முன்கூட்டியே சொல்லிவைத்து ஒரு மணி நேரம் கேளுங்கள். மனைவியையும் மகளையும், முடிந்தால் மைத்துனரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, கோல்டன் பக்கமிருந்து ஐ-70-இல் மேற்கே ஜெனிசி வரை ஏறுங்கள். ஊரை விட்டு வெகுதூரம் போகாமலே உண்மையான மலை ஏற்றம் அங்கே கிடைக்கும். ஏற்றத்தின் நடுவில், பாதை காலியாக இருக்கும்போது, 50 மைலுக்கு இறங்கிவிட்டு ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி 65 வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். திரும்பி வரும் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து எஞ்சினின் தடுப்பைச் சோதியுங்கள். சிறிய எஞ்சின் உங்கள் பழைய 3.5 லிட்டர் அளவுக்குப் பிடித்து நிறுத்தாது. ஹைப்ரிட் என்றால் முதலில் பேட்டரிக்கு மின்னேற்றிக்கொண்டே தடுக்கும், பேட்டரி நிறைந்ததும் எஞ்சினைச் சுழற்றித் தடுக்கும்; அப்போது காலை எடுத்த பிறகும் எஞ்சின் உரக்க இரைவது பழுது இல்லை. ரேம்ப்பைச் சோதிக்க, வரும் வழியில் சிக்னல் உள்ள ஒரு ரேம்ப்பைத் தேர்ந்தெடுத்து நின்று கிளம்புங்கள். இவ்வளவுக்கும் பிறகு உங்கள் மனைவி, வேகம் போதும் ஆனால் சத்தம் தாங்கவில்லை என்று சொன்னால், அடுத்ததாக ஓட்டிப் பார்க்க வேண்டியது அந்த 290 குதிரைத்திறன் நான்கு சிலிண்டர்களில் ஒன்றை. பழைய வி6 வண்டிகளின் பட்டியலை அதன் பிறகு திறந்தால் போதும்.